ரேட் ட்ராப் சுவர், ஃபில்லர் ஸ்லாப்: கட்டியவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள்

கரூர்க்காரன்:
எங்களுடையது ரேட் ட்ராப் சுவர், அதாவது செங்கலைக் குத்துவாக்கில் நிறுத்தி, நடுவே பொந்து விட்டுக் கட்டுவது. மூன்றாம் நாள் மதியம் சைட்டுக்குப் போகிறேன், குத்துவாக்கில் நிறுத்திய செங்கற்களுக்கு நடுவே காலியாக இருக்க வேண்டிய மூன்று அங்குல இடம் முழுக்கக் கலவை. கொத்தனார் அள்ளி அள்ளிப் போட்டு, கரண்டிக் காம்பால் இடித்து இறக்கிக்கொண்டிருந்தார். “அண்ணே, அது காலியாத்தானே இருக்கணும்?” என்றேன். “உள்ள பொந்தா விட்டா எம்பேரு கெட்டுப்போயிரும் தம்பி. இதுக்குத் தனியா காசு வேணாம்” என்றார். அவர் ஏமாற்றவில்லை, நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். உள்ளே நிற்கும் காற்றுதான் வெயிலைத் தடுக்கிறது என்று முதல் நாளே நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், அதுதான் இன்னும் உறுத்துகிறது. மேல் நாலு வரிசையைப் பிரித்தோம், கீழே இறுகிவிட்டது. மேற்குச் சுவரில் அந்த இடம் மட்டும் சாயங்காலம் கை வைத்தால் சுடுகிறது.

வில்லியனூர் அக்கா:
எங்களுடையது ஃபில்லர் ஸ்லாப், அதாவது கான்கிரீட் கூரையின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் கான்கிரீட்டுக்குப் பதிலாக ஓடுகளை வைத்துப் போடுவது. கான்கிரீட் போடுவதற்கு முந்தின சாயங்காலம், வீட்டுக்குப் போகக் கிளம்பிய சித்தாள் அம்மா ஒருவர் திரும்பி வந்து, அடுக்கியிருந்த மங்களூர் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டியில் இறக்கினார். “காஞ்ச ஓடு கான்கிரீட்டுத் தண்ணியக் குடிச்சிரும்மா” என்றார். இன்ஜினியர் உட்பட நாங்கள் யாரும் அதை யோசிக்கவே இல்லை. சென்ட்ரிங் பிரித்தபோது மேலே சிவப்புச் சிவப்பாக ஓடுகள், ஒன்றில்கூட விரிசல் இல்லை. அந்த அம்மா அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார், கூப்பிட்டுக் காட்டக்கூட முடியவில்லை.

தென்காசி:
கரூர் நண்பரே, கொத்தனார் மேல் முழுத் தப்பும் இல்லை. மூலை, கதவு ஜன்னல் ஓரம், லிண்டலுக்கு (கதவு ஜன்னல் மேல் வரும் கான்கிரீட் விட்டம்) கீழ் வரிசை, எல்லாம் கெட்டியாகத்தான் வர வேண்டும். எது காலி, எது கெட்டி என்று யாராவது அவருக்குப் பிரித்துச் சொன்னார்களா? கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் இந்தக் கட்டுமுறையை எத்தனையோ வீடுகளில் செய்து காட்டினார், கால்வாசிச் செங்கல் மிச்சம், கலவையும் குறையும். ஆனால் பழகாத கையிடம் கொடுக்கும்போது முதலில் நாலடிக்கு ஒரு மாதிரிச் சுவர் கட்டச் சொல்லுங்கள், வயர் எந்தப் பொந்து வழியாக இறங்கும் என்று எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து சாக்பீஸால் குறித்துவிடுங்கள், அப்புறம் சுவரைக் கொத்துகிற வேலையே இருக்காது. நான் குறிக்கவில்லை, ஹாலில் ஏழு இடத்தில் கொத்தினோம்.

கரூர்க்காரன்:
அவர் அடைத்தது நடுச்சுவர் அண்ணா, ஜன்னல் ஓரம் இல்லை. மாதிரிச் சுவர் கட்டாதது என் தப்புதான். அந்த இடத்துக்கு வெளியே நிழலுக்காக இப்போது முருங்கைக் கொம்பு ஊன்றியிருக்கிறேன்.