புள்ளிப் பட்டியலில் முதலிடமா, இறுதிப் போட்டியில் வெற்றியா: யாரைச் சாம்பியன் என்று சொல்வது?

கொழிஞ்சாம்பாறைக்காரன் (ஏப்ரல் 14, 2025)

எல்லோருக்கும் சித்திரைக்கனி வாழ்த்துகள். முந்தாநாள் இரவு கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் மோகன் பகான் 2-1 என்று பெங்களூருவை வென்று இந்தியக் கால்பந்தின் முதன்மை லீக்கான ஐ.எஸ்.எல்.-இன் கோப்பையை எடுத்துக்கொண்டது. புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்குத் தரும் லீக் ஷீல்டும் அவர்களுடையதுதான். 24 ஆட்டங்களில் 17 வெற்றி, இரண்டே தோல்வி, 56 புள்ளி. இந்த ஆண்டு யாருக்கும் மனக்குறை இருக்க வாய்ப்பில்லை. அதனாலேயே இந்தக் கேள்வியை இப்போது கேட்கிறேன். யாருடைய புண்ணிலும் கை படாத நேரம் இது.

அந்த ஆட்டத்தில் 72-ஆம் நிமிடம் வரை பெங்களூருதான் முன்னிலையில் இருந்தது. புள்ளிப் பட்டியலில் மூன்றாவது இடம், 38 புள்ளி. அப்போது மோகன் பகானின் கம்மிங்ஸ் அடித்த பெனால்டி வெளியே போயிருந்தால், 18 புள்ளி பின்னால் நின்ற அணியை நாட்டின் சாம்பியன் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதியிருக்கும். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை ஓடிய ஓட்டத்துக்கு ஒரு மாலைப்பொழுதில் என்ன மதிப்பு மிஞ்சியிருக்கும்?

2014 முதல் பதினோரு தொடர்கள் நடந்திருக்கின்றன. பட்டியலில் முதலிடம் பிடித்த அணியே கோப்பையையும் வென்றது மூன்று முறைதான்: 2018-19-இல் பெங்களூரு, 2020-21-இல் மும்பை, இப்போது மோகன் பகான். மற்ற எட்டு முறையும் சிறந்த அணி ஒன்று, சாம்பியன் வேறொன்று. பட்டியலின் முன்னணி அணிகள் மறுபடி மோதிக் கோப்பையை முடிவு செய்யும் பிளே-ஆஃப் முறையை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

தூத்தூர்க் கரை

கொழிஞ்சாம்பாறை அண்ணனுக்கு வணக்கம். நீங்கள் மஞ்சள் சட்டைக்காரர், அதாவது கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர் என்று உங்கள் பழைய பதிவுகளைப் படித்து அறிந்திருக்கிறேன். நானும் அப்படித்தான். பிளாஸ்டர்ஸ் இதுவரை மூன்று இறுதிப் போட்டிகள் ஆடியிருக்கிறது. 2014-இல் பட்டியலில் நான்காம் இடம், 2016-இல் இரண்டாம் இடம், 2021-22-இல் மறுபடியும் நான்காம் இடம். ஒருமுறை கூட முதலிடம் இல்லை. பிளே-ஆஃப் இல்லையென்றால் அந்த மூன்று இரவுகளும் நமக்கு இல்லை. மூன்றிலும் தோற்றோம், உண்மை. ஆனாலும் அவற்றைப் பிடுங்கிக்கொள்ள நான் யாரையும் விடமாட்டேன்.

என் தொழிலையும் சொல்கிறேன், பிறகு என் வாதம் உங்களுக்கு விளங்கும். எங்கள் கரை முழுவதும் ஆழ்கடல் தொழில். ஒருமுறை படகு ஏறினால் முப்பது நாள், நாற்பது நாள். மீனைக் கொச்சி தோப்பும்படியில் இறக்குவோம். அங்கிருந்து கலூர் மைதானம் பக்கம்தான். ஆனால் நாங்கள் கரையேறும் நாளும் ஆட்டம் நடக்கும் நாளும் ஒன்றாக அமைவது அபூர்வம். ஐந்து ஆட்டம் நடந்தால் ஒன்றைப் பார்ப்பேன். இறுதிப் போட்டி அப்படியல்ல. தேதி முன்கூட்டியே தெரியும், அதற்கேற்பப் பயணத்தை மாற்றிக்கொள்ளலாம். 2016 டிசம்பர் 18 அன்று அப்படித்தான் கலூரில் இருந்தேன். முகமது ராஃபி தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனபோது என் பக்கத்தில் நின்ற, பெயர்கூடத் தெரியாத பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். புள்ளிப் பட்டியலைப் பார்த்து அப்படி அழுதவர் யாராவது உண்டா?

இன்னொன்று. எங்கள் பக்கத்து ஊரான இரவிப்புத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் 2019-20-இல் கோப்பை வென்ற கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் இருந்தார். அந்த ஆண்டு கோவா 39 புள்ளி, ஏ.டி.கே. 34. உங்கள் கணக்குப்படி அவர் சாம்பியன் இல்லை. இதை எங்கள் கரையில் வந்து சொல்ல முடியுமா?

ஒலவக்கோடு நீலம்

பாலக்காட்டில் இருந்துகொண்டு சென்னை அணியை ஆதரிக்கிறவன் நான். அதற்காக இங்கே வாங்கிய ஏச்சுக்கு அளவில்லை.

2015 டிசம்பர். சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. வேளச்சேரியில் என் அத்தை வீட்டில் மாடிப்படி வரை தண்ணீர். எங்கள் அணி சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடியது. அதே தொடரின் பிற்பகுதியில் நாங்கள் பட்டியலின் அடியில் கிடந்தோம். அங்கிருந்து எழுந்து மூன்றாம் இடத்துக்கு வந்து, ஃபட்டோர்டாவில் கோவாவின் சொந்த மைதானத்தில் 90-ஆம் நிமிடம் வரை 2-1 என்று பின்தங்கியிருந்து, கடைசியில் 3-2 என்று வென்றோம். மெண்டோசா அடித்த அந்த கோலைப் பார்த்து அத்தை தொலைபேசியில் பேச முடியாமல் விம்மினார். அந்த ஊருக்கு அந்த மாதத்தில் கிடைத்த ஒரே நல்ல செய்தி அது. அதைப் போய்த் தகுதியில்லாத வெற்றி என்கிறீர்களா?

2018-இலும் அப்படியே. பெங்களூரு எங்களைவிட 8 புள்ளி முன்னால் இருந்தது. இறுதிப் போட்டியும் அவர்கள் ஊரில்தான். சேத்ரி ஒன்பதாம் நிமிடத்திலேயே கோல் போட்டார். மைல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டிப் பதில் சொன்னார். வென்றவன் சாம்பியன். இதில் கணக்கு எதற்கு?

கொழிஞ்சாம்பாறைக்காரன்

ஒலவக்கோடு நண்பரே, 2015-ஐப் பற்றி நான் ஒரு வார்த்தையும் குறைத்துச் சொல்லவில்லை. உங்கள் அத்தையின் கண்ணீர் எனக்கும் புரிகிறது. ஆனால் 2014-ஐ நீங்கள் விட்டுவிட்டீர்கள். அந்த ஆண்டு பட்டியலில் முதலிடம் சென்னையின் எஃப்.சி. தான். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கொச்சியில் நாங்கள் 3-0, மறு ஆட்டத்தில் சென்னையில் நீங்கள் 3-0. கூடுதல் நேரத்தில் 117-ஆம் நிமிடம் ஸ்டீபன் பியர்சன் அடித்த ஒரே கோலில் நான்காம் இடத்து அணியான நாங்கள் போனோம், முதலிடத்து அணியான நீங்கள் வீட்டுக்குப் போனீர்கள். அன்று நான் துள்ளிக் குதித்தேன். இன்று நினைத்தால் அது உங்களுக்கு நடந்த அநியாயம் என்றே தோன்றுகிறது.

தூத்தூர்த் தம்பி, புள்ளிப் பட்டியலைப் பார்த்து அழுதவர் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. நானே அழுதிருக்கிறேன்.

2019 மார்ச் 9. நாட்டின் இன்னொரு லீக்கான ஐ-லீக்கின் கடைசி நாள். அந்த லீக்கில் அப்போது பிளே-ஆஃப் கிடையாது. பட்டியலில் முதலிடம் பெறுபவரே சாம்பியன். கோவை நேரு மைதானத்தில், அதைச் சொந்த மைதானமாகக் கொண்ட சென்னை சிட்டிக்கும் மினர்வா பஞ்சாபுக்கும் ஆட்டம். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலமும், பட்டத்துக்குப் போட்டியில் இருந்த ஈஸ்ட் பெங்காலும். இரண்டு ஊருக்கும் நடுவில் எங்கள் ஊர். நான் வேலந்தாவளம் வழியாக பஸ் பிடித்துக் கோவைக்குப் போனேன், என் மைத்துனர் கோழிக்கோட்டில் இருந்தார். மூன்றாம் நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டது. மைதானம் அடங்கிப்போனது. கோழிக்கோட்டில் கோகுலம் கோல் போட்டதாக மைத்துனர் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு ஈஸ்ட் பெங்கால் இரண்டு போட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் அழைப்பை நான் எடுக்கவே இல்லை. இங்கே சென்னை சிட்டியின் மன்சி பெனால்டியில் சமன் செய்ய, கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர் முன்னே வந்து இரண்டு கோல் போட்டார். 3-1. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. அந்த ஒரு புள்ளி எந்த ஆட்டத்தில் சம்பாதித்தது என்று படியில் உட்கார்ந்து நாங்கள் நான்கைந்து பேர் விரல்விட்டு எண்ணினோம். ஒவ்வொருவருக்கும் வேறொரு ஆட்டம் நினைவுக்கு வந்தது. எல்லாமே சரிதான். லீக் என்பது அதுதான் தம்பி. எந்த நாளும் வீண்போகாது.

2021-இல் கோகுலமும் அதே போலத்தான். கடைசி நாள் காலையில் மூன்று அணிகள் 26 புள்ளியில் சமமாக நின்றன. டிராவு அணியிடம் பின்தங்கியிருந்து 4-1 என்று திரும்பிவந்து பட்டத்தை எடுத்தார்கள். பிளே-ஆஃப் இல்லாமலே நெஞ்சு படபடக்கும்.

செங்கோட்டை டீச்சர்

நான் உடற்கல்வி ஆசிரியை. பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் மூவரும் பார்வையாளர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். ஆடுகிறவர்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் போகிற போட்டிகள் எல்லாமே நாக்-அவுட். ஆறு மாதம் பயிற்சி. விடியற்காலை நாலரை மணிக்கு பஸ். ஒன்பது மணிக்கு முதல் ஆட்டம். சென்ற ஆண்டு, ஆட்டம் முடியும் நேரத்தில் எங்கள் கோல்கீப்பர் கையிலிருந்து பந்து நழுவியது. பத்து மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. எட்டாம் வகுப்பு படிக்கிற அந்தப் பெண் திரும்பி வரும்போது வழி நெடுக ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்கு அடுத்த வாரம் இன்னொரு ஆட்டம் இருந்திருந்தால் அந்தத் தவறிலிருந்து கற்றுக்கொண்டிருப்பாள். அடுத்த ஆட்டம் அடுத்த ஆண்டுதான். அவள் இப்போது பயிற்சிக்கு வருவதில்லை.

ஆகவே லீக் பக்கம்தான் என் மனம். ஆனால் கொழிஞ்சாம்பாறை சார், உங்கள் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. இந்த 2024-25 ஐ.எஸ்.எல்.-இல் கடைசி இடம் பிடித்தாலும் கீழ் லீக்குக்கு இறக்க மாட்டார்கள். இந்தத் தொடரில் 13 அணிகள். பிளே-ஆஃப் இல்லையென்றால் ஜனவரியில் எட்டாம் இடத்தில் இருக்கிற அணி எதற்காக ஆடும்? இப்போது ஆறாம் இடம் வரை கதவு திறந்திருப்பதால்தான் அந்த ஆட்டங்களுக்கு உயிர் இருக்கிறது. வெளிநாட்டு லீக்குகள் பிளே-ஆஃப் இல்லாமல் நடக்கின்றன என்றால், அங்கே கீழே விழும் பயம் கடைசி வாரம் வரை ஆளை விரட்டுகிறது. அந்தப் பயம் இங்கே இல்லை.

கதவை எவ்வளவு திறப்பது என்பது வேறு கேள்வி. சூப்பர் லீக் கேரளாவில் ஆறு அணிகள், அதில் நான்கு அரையிறுதிக்குப் போகின்றன. பத்து ஆட்டம் ஆடி இரண்டே அணிகளை வெளியேற்றுவதற்கு லீக் என்று பெயர் எதற்கு?

தூத்தூர்க் கரை

டீச்சர், அந்தப் பிள்ளையை எப்படியாவது திரும்பக் கூட்டிவாருங்கள். எங்கள் ஊரில் திருவிழாவுக்குத் திருவிழா போட்டி வைக்கிறோம். ஒரு தவறில் வெளியே போனவன் அடுத்த மாதம் அடுத்த ஊரில் ஆடுவான். நாக்-அவுட்டில் தவறில்லை, ஆண்டுக்கு ஒன்றே ஒன்று வைப்பதுதான் தவறு.

ஓரிடத்தில் நான் பின்வாங்க வேண்டும். ஐந்தாறு நாளாக மனதில் கிடக்கிறது. 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா. பிளே-ஆஃபின் முதல் சுற்றில் நான்காம் இடத்துப் பெங்களூருவுக்கும் ஐந்தாம் இடத்து பிளாஸ்டர்ஸுக்கும் ஒற்றை ஆட்டம். கூடுதல் நேரத்தில் நம் ஆட்கள் தடுப்புச் சுவர் அமைத்து முடிப்பதற்குள் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்துவிட்டார், நடுவரும் கோல் என்றார். நம் பயிற்சியாளர் வுகோமனோவிச் அணியை வெளியே அழைத்துக்கொண்டு போனார். அவருக்குப் பத்து ஆட்டத் தடை, கிளப்புக்கு நான்கு கோடி அபராதம். லீக் ஆட்டமாக இருந்திருந்தால் மூன்று புள்ளி போயிற்று என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆடியிருப்பார்கள். அடுத்த ஆட்டம் என்று ஒன்று இல்லாததால்தான் அப்படி வெளியேறினார்கள். அரையிறுதியைப் போல முதல் சுற்றையும் இரண்டு ஆட்டமாக வைக்கலாம். அதற்கு மேல் நான் இறங்கமாட்டேன்.

ஒலவக்கோடு நீலம்

அந்த கோல் விதிப்படி சரியானது. நடுவர் விசில் ஊதும்வரை காத்திருங்கள் என்று சொல்லியிருந்தால்தான் அவர் காத்திருக்க வேண்டும். நான் பெங்களூருவை விரும்புகிறவன் அல்ல, இருந்தாலும் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

அந்த கோலைப் பற்றித் தனி இழை ஏற்கெனவே இருநூறு பதிவுகளைத் தாண்டி ஓடுகிறது. அங்கே போய்விடுவோம், இங்கே வேண்டாம்.

டீச்சர் சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். அவர் சொல்வது சரி. கீழே இறக்கும் முறை வராதவரை பிளே-ஆஃப் தேவைதான். எடுத்துவிட வேண்டும் என்று முதல் பதிவில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற நமக்கு இந்த விஷயம் நன்றாகவே வலிக்க வேண்டும். கோவையில் ஆடிய அணி 2019-இல் ஐ-லீக் வென்றது, கோழிக்கோட்டு அணி 2021-இலும் 2022-இலும் வென்றது. மூன்று முறையும் மேலே ஐ.எஸ்.எல்.-க்கு ஏறப் படிக்கட்டு இல்லை. 2022-23-இல் வென்ற பஞ்சாபுக்குத்தான் முதன்முதலாக அது கிடைத்தது. சென்னை சிட்டி இன்று ஐ-லீக்கிலேயே இல்லை. மேலே ஏறவும் வழி, கீழே இறங்கவும் வழி, இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அது லீக்.

ஆனால் பெயரை நான் விடவில்லை. ஆசியப் போட்டிக்கு அனுப்புவது யாரை? 2019-20 முதல் பட்டியலில் முதலிடம் பிடித்தவரை. அன்று கோவா அப்படித்தான் போனது. நாட்டின் சார்பில் ஆட யாருக்குத் தகுதி என்ற கேள்விக்கு அமைப்பாளர்களே பதில் சொல்லிவிட்டார்கள். பரிசுப் பணத்தில் மட்டும் கணக்கு தலைகீழாகிறது. 2022-இல் அறிவித்தபடி ஷீல்டுக்கு மூன்றரை கோடி, கோப்பைக்கு ஆறு கோடி. அதற்கு முன் ஷீல்டுக்கு வெறும் 50 லட்சம். இறுதிப் போட்டி நடக்கட்டும், தம்பி கலூரில் நின்று அழட்டும். கோப்பை வென்றவரைக் கோப்பை வென்றவர் என்று சொல்வோம். சாம்பியன் என்ற சொல்லைப் பட்டியலில் முதலிடம் பிடித்தவருக்குக் கொடுப்போம்.

செங்கோட்டை டீச்சர்

இதற்கு என் கை தூக்கியே இருக்கிறது. அந்தப் பெண்ணின் அம்மாவை நேற்று சந்தையில் பார்த்தேன். விடுமுறை முடிந்ததும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

தூத்தூர்க் கரை

டீச்சர், மனம் நிறைந்தது.

அண்ணன், பணத்தைச் சமமாக்குங்கள், ஆசியாவுக்கு யாரை வேண்டுமானாலும் அனுப்புங்கள், எனக்கு வழக்கில்லை. சாம்பியன் என்ற சொல் மட்டும் எங்கள் சூசைராஜிடமிருந்து போகக்கூடாது. அவர் கோவாவின் முதலிடத்தைத் திருடவில்லை, வைத்த விதிப்படி ஆடி வென்ற அணியில் இருந்தார்.

ஈஸ்டர் முடிந்து செவ்வாய்க்கிழமை விடியலில் எங்கள் படகு புறப்படுகிறது. ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், போக வேண்டும். நீங்கள் பதில் எழுதுங்கள். மே கடைசியில் தோப்பும்படியில் இறங்கியதும் முதலில் இதைத்தான் திறந்து படிப்பேன்.