கலைச்சொல்: இறந்தகாலத் தொடரா, இறந்தகாலத் தொடர்வினையா?

அனைவருக்கும் வணக்கம்.

எட்டாம் வகுப்பு ஆங்கில இலக்கண வழிகாட்டியின் சொற்பட்டியலில் ‘பாஸ்ட் கன்டினியுவஸ்’ இன்னும் முடிவாகவில்லை. வரைவில் நான்கு பெயர்கள் கலந்து கிடக்கின்றன: இறந்தகாலத் தொடர், தொடர் இறந்தகாலம், கடந்தகாலத் தொடர்ச்சி, நிகழ்ந்துகொண்டிருந்த காலம். ஒரே பாடத்தில் இரண்டு பெயர் வந்தால் பிள்ளைகள் அவற்றை இரண்டு காலம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

என் பரிந்துரை ‘இறந்தகாலத் தொடர்’. சிறியது, புழக்கத்தில் உள்ளது. விளக்கமாக இப்படி எழுதியிருக்கிறோம்: “‘வாஸ்’ அல்லது ‘வேர்’, அதன்பின் ‘இங்’ ஈற்று வினை. தமிழில் ‘கொண்டிருந்தான்’ என முடிவது.” மாற்றுக் கருத்து இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள்.

*

மறு: இறந்தகாலத் தொடர்

> சிறியது, புழக்கத்தில் உள்ளது

சிறியதுதான் ஐயா. ஆனால் ‘தொடர்’ தமிழ் வகுப்பில் ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறது. எழுவாய்த்தொடர், விளித்தொடர், வினைமுற்றுத்தொடர் என்று படிக்கும் பிள்ளைக்குத் தொடர் என்றால் சொற்கள் சேர்ந்து நிற்பது. ‘இறந்தகாலத் தொடர்’ என்றதும் இறந்தகாலத்தில் அமைந்த வாக்கியம் என்றே தோன்றும். ‘நான் வந்தேன்’ என்பதையும் அதில் போட்டுவிடும்.

‘தொடர்வினை’ என்று ஆக்கிவிடுங்கள். அது வினைத்தொகை: தொடர்ந்த வினை, தொடர்கின்ற வினை, தொடரும் வினை மூன்றும் உள்ளே அடக்கம். காலம் மறைந்து நிற்பதால் இறந்தகாலத் தொடர்வினை, நிகழ்காலத் தொடர்வினை, எதிர்காலத் தொடர்வினை என்று எதன் பின்னும் முரணில்லாமல் பொருந்தும். ‘நிகழ்ந்துகொண்டிருந்த காலம்’ இந்த வசதியைத் தராது. மூன்று காலத்துக்கும் மூன்று பெயர் செய்ய வேண்டும்.

பெயர் இரண்டு பாதியாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘எழுதிக்கொண்டிருந்தேன்’ என்பதன் கடைசிப் பகுதியைப் பிரித்துப் பாருங்கள்: இரு + த்(ந்) + த் + ஏன். காலம் காட்டுவது அந்த ஒரே ஒரு ‘த்’ இடைநிலை. தொடர்ச்சியைக் காட்டுவது ‘கொண்டிரு’. ‘எழுதி’ இறந்தகால வினையெச்சமாக இருந்தாலும் ‘எழுதிக்கொண்டிருப்பேன்’ என்பதிலும் அதேதான் வருகிறது. ஆகவே காலம் அங்கே இல்லை. ஆங்கிலத்திலும் காலம் ‘வாஸ்’ஸில், தொடர்ச்சி ‘இங்’கில்.

வேறு பெயர்கள் வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ‘முற்றாவினை’ எச்சத்தோடு மோதும். ‘நிகழ்வினை’ நிகழ்காலத்தோடு மோதும். இதே வடிவத்தை ‘புரோகிரசிவ்’ என்று சொல்லும் நூல்களும் உண்டு. அகராதியைப் பார்த்து யாரும் ‘முற்போக்கு இறந்தகாலம்’ என்று எழுதாமல் இருந்தால் சரி.

*

மறு: மறு: இறந்தகாலத் தொடர்

தொடர்வினைக்கு என் ஒப்புதல். ஆனால் பெயரைவிட அந்த விளக்கம்தான் ஆபத்து.

> தமிழில் ‘கொண்டிருந்தான்’ என முடிவது

இந்த வரியை நம்பி மொழிபெயர்க்கும் பிள்ளை இரண்டு பக்கமும் தவறும். ஒரே வினையை எடுத்துக்கொள்வோம்.

அவள் வந்தபோது எழுதிக்கொண்டிருந்தேன்: ‘ஐ வாஸ் ரைட்டிங்’. இது சரி.

அப்போதெல்லாம் மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்: இது வழக்கம். ‘ஐ யூஸ்ட் டு ரைட்’ என்று வர வேண்டும்.

அவள் வந்தபோது இரண்டு மணி நேரமாக எழுதிக்கொண்டிருந்தேன்: ‘ஐ ஹேட் பீன் ரைட்டிங்’. தமிழ் வினையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ‘நேரமாக’ என்பதில் உள்ள ‘ஆக’தான் அடையாளம். ‘காலையிலிருந்து’ என்று வந்தாலும் இதே கதை.

அடுத்து, நிலையைச் சொல்லும் வினைகள். ‘அவனை நல்லவன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்’ நல்ல தமிழ். ‘ஐ வாஸ் பிலீவிங்’ ஆங்கிலம் ஆகாது; ‘ஐ பிலீவ்ட்’ போதும். ‘இரண்டு மாடு வைத்துக்கொண்டிருந்தார்’ என்பதை ‘வாஸ் ஹேவிங்’ ஆக்குவதும் இதே வகைப் பிழை. விடைத்தாள்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

எதிர்ப்பக்கம் இன்னும் நுட்பமானது. ‘கொண்டு’ இல்லாத இடத்தில் ஆங்கிலம் தொடர்வினை கேட்கும். ‘சிவப்புச் சட்டை போட்டிருந்தான்’ என்றால் ‘ஹி வாஸ் வேரிங்’. பிள்ளைகள் ‘இருந்தான்’ஐப் பார்த்து ‘ஹேட் வோர்ன்’ என்று எழுதுகிறார்கள். ‘போட்டுக்கொண்டிருந்தான்’ என்றால் கை இன்னும் சட்டைக்குள் நுழைகிறது. அதற்கு ‘வாஸ் புட்டிங் ஆன்’. உட்கார்ந்திருந்தான், படுத்திருந்தான், சாய்ந்திருந்தான் எல்லாம் இப்படித்தான்: ‘வாஸ் சிட்டிங்’, ‘வாஸ் லையிங்’, ‘வாஸ் லீனிங்’. உடல் இருக்கும் நிலையைச் சொல்லும்போது தமிழுக்கு ‘இரு’ போதும், ஆங்கிலத்துக்கு ‘இங்’ வேண்டும்.

‘மறுநாள் கிளம்புவதாக இருந்தேன்’ என்பதும் ‘ஐ வாஸ் லீவிங்’ ஆகலாம். எட்டாம் வகுப்புக்கு அது வேண்டாம் என்பது என் எண்ணம்.

*

மறு: மறு: மறு: இறந்தகாலத் தொடர்

‘இறந்தகாலத் தொடர்வினை’ என்றே எடுத்துக்கொள்கிறோம். ‘இறந்தகால’ என்பதன்பின் ‘த்’ மிகும். ‘தொடர்வினை’யைச் சேர்த்தே எழுத வேண்டும். அம்மா காட்டிய சட்டை எடுத்துக்காட்டு பாடத்துக்கே போகும். ‘கிளம்புவதாக இருந்தேன்’ ஆசிரியர் குறிப்பில் நிற்கட்டும்.

‘ஐ ஹேட் பீன் ரைட்டிங்’ என்ற ‘பாஸ்ட் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ்’ மட்டும் தொங்கலில் இருக்கிறது. ‘பெர்ஃபெக்ட்’டை ‘முற்று’ என்றால் வினைமுற்று குறுக்கே வரும். ‘நிறைவினை’ என்று வைத்து, இதை ‘இறந்தகால நிறைதொடர்வினை’ எனலாமா? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

பதிவின் திருத்திய வடிவம்:

இறந்தகாலத் தொடர்வினை: கடந்துபோன ஒரு நேரத்தில் செயல் நடுவில் இருந்ததைக் காட்டும் ஆங்கில வினைவடிவம். ‘ஐ’, ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’ உடன் ‘வாஸ்’. ‘வி’, ‘தே’ உடன் ‘வேர்’. ‘யூ’ ஒருவரைக் குறித்தாலும் ‘வேர்’தான். அதன்பின் ‘இங்’ ஈற்று வினை. தமிழில் பெரும்பாலும் ‘கொண்டிருந்தான்’, உடல் இருக்கும் நிலையைச் சொல்லும் வினைகளிலும் உடை அணிந்திருப்பதிலும் ‘இருந்தான்’. வழக்கத்தையும், ‘ஆக’, ‘இலிருந்து’ சேர்ந்த கால அளவையும், நம்புதல், உடைமை போன்ற நிலைகளையும் சொல்ல இது வராது.