சி.ஆர். 1009 சப்-1 மரபணு மாற்று நெல்லா?

வெண்ணாற்றங்கரை:
இந்தச் சம்பாவுக்கு, வெள்ளம் தாங்கும் நெல் என்கிறார்களே, அந்த சி.ஆர். 1009 சப்-1 போடலாம் என்று இருக்கிறேன். எங்களுடையது தாழ்வான வயல். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் வடிகால் நிரம்பி நட்ட பயிர் முங்கிவிடும். ஆனால் விதைத் திருவிழா ஒன்றில் பேசியவர், "அது ஜீன் வைத்த நெல், தொடாதீர்கள்" என்றார். உண்மையா?

இலைக்கிள்ளி:
இல்லை. பி.டி. பருத்தியில் பாக்டீரியாவின் மரபணுவைக் கொண்டுவந்து நுழைத்தார்கள். இது நெல்லுக்கும் நெல்லுக்கும் மகரந்தம் சேர்த்து, சி.ஆர். 1009 என்ற பழைய ரகத்தில் சப்-1 என்ற குணத்தைக் கொண்டுவந்தது. அந்தக் குணத்தின் மூலம், ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ. வெள்ளம் தாங்கும் அதன் குணம் 9-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1996-இல் கண்டார்கள். 2006-இல் சப்-1ஏ என்ற மரபணுவையே அடையாளம் கண்டார்கள். அது எந்த நாற்றில் வந்திருக்கிறது என்று பார்க்கத்தான் மார்க்கர். மார்க்கர் என்பது அந்த இடத்தில், அல்லது அதை ஒட்டி, ரகத்துக்கு ரகம் வேறுபடும் டி.என்.ஏ. அடையாளம். அது எதையும் மாற்றாது, காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

நான் லேபில் செய்வதைச் சொல்கிறேன். நாற்றின் இலை நுனியைக் கிள்ளி டி.என்.ஏ. எடுப்போம். பி.சி.ஆர். கருவியில் அந்தத் துண்டை மட்டும் பெருக்கி, ஜெல்லில் ஓடவிட்டால் கோடு கோடாகத் தெரியும். நம் ரகத்தின் கோடு ஓர் இடத்தில், ஒடிசா நெல்லின் கோடு சற்றுத் தள்ளி. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் வாங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட நாற்றைப் பழைய ரகத்தோடு மறுபடி சேர்ப்போம், அதுதான் பின்கலப்பு. மற்ற குரோமோசோம்களையும் மார்க்கர் வைத்துப் பார்ப்பதால், இரண்டு மூன்று பின்கலப்பிலேயே பழைய ரகம் பெருமளவு திரும்பிவிடும். மார்க்கர் இல்லாத காலத்தில், வெள்ளம் தாங்கும் குணத்தோடு ஒடிசா நெல்லின் வேண்டாத குணங்களும் ஒட்டிக்கொண்டு வந்தன.

விதைக்கூடை:
மரபணு மாற்று இல்லை, சரி. மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்களால் எங்களைப் போல நாட்டு விதை வைத்திருப்பவர்களுக்குத்தான் கெட்ட பெயர். என் சண்டை வேறு. சுவர்ணாவுக்கு சப்-1, சாம்பா மசூரிக்கு சப்-1, ஐ.ஆர். 64-க்கு சப்-1, இப்போது இதுவும். ஏற்கெனவே நாடு முழுக்கப் பரவிக் கிடக்கும் நாலைந்து ரகங்களுக்கே ஒரே நெல்லிலிருந்து ஒரே மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். இதில் பன்மை எங்கே? வெள்ளம் தாங்கும் என்று பேர் வாங்கிய மடுமுழுங்கி என்ற நாட்டு நெல் நம்மிடமே இருக்கிறதே, அதை யார் எடுத்தார்கள்?

இலைக்கிள்ளி:
வெள்ளம் தாங்குவதில் இரண்டு வழி உண்டு. ஆழ்நீர் நெல், தண்ணீர் ஏற ஏறத் தண்டை நீட்டி இலையை மேலே வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நிற்கும் நீருக்கு அது சரி. சப்-1 நேர் எதிர்: முங்கியதும் வளர்ச்சியை நிறுத்தி, மாவுச்சத்தைச் செலவழிக்காமல் கிடக்கும். இரண்டு வாரத்துக்குள் வடிந்தால் அடியிலிருந்து துளிர்த்துவிடும். மடுமுழுங்கி எந்த வழி என்பதை அதன் இலையைக் கிள்ளிப் பார்த்தால் ஓரளவு சொல்லலாம்.

பெரிய ரகங்களில் சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. சுவர்ணா போடுபவரிடம் புது நெல்லை நீட்டினால் வாங்கமாட்டார். அதே அரிசி, அதே விலை என்றால் வாங்குவார். ஒடிசாவில் சுவர்ணா சப்-1 பற்றி 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றைப் பாருங்கள். வெள்ளம் அதிகம் நிற்கும் நிலம் பட்டியல் சாதி விவசாயிகளிடம் கூடுதலாக இருப்பதால், பலனும் அவர்களுக்கே கூடுதலாகப் போகும் என்றது.

கடைமடை:
நான் போட்டுப் பார்த்தவன். முழுசாக முங்கி ஒரு வாரத்தில் வடிந்தது. இலையெல்லாம் சேறு அப்பி மஞ்சளாகப் படுத்துக் கிடந்தது, போச்சு என்றுதான் நினைத்தேன். நாலைந்து நாளில் குருத்து விட்டது. இன்னொரு வருஷம் கதை வேறு. முங்கவில்லை, ஆனால் முழங்காலுக்கு மேல் தண்ணீர் கார்த்திகை முழுக்க நின்றது. தூர் கட்டவே இல்லை. வெள்ளம் வேறு, தேங்கல் வேறு. விதை கொடுக்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

இலைக்கிள்ளி:
சரியாகச் சொன்னீர்கள். அரைகுறையாக நீர் தேங்கினால் தண்டு நீண்டாக வேண்டும். சப்-1 அதற்கு வைத்தியம் இல்லை.

விதைக்கூடை:
அப்புறம் "பன்மையை அளக்கிறோம்" என்று வருகிறார்களே, அதையும் பேசிவிடுவோம். பத்து ஊர் மாப்பிள்ளை சம்பாவில் ஊருக்கு ஒரு செடி எடுத்து ஜெல்லில் ஓட்டிவிட்டு, "எல்லாம் ஒன்றுதான், ஒன்றை வைத்துக்கொண்டால் போதும்" என்பார்கள். நாட்டு நெல் அச்சில் வார்த்த மாதிரி இருக்காது. ஒரே பாத்தியில் முன்னே கதிர் விடுவதும் பின்னே விடுவதும் கலந்துதான் இருக்கும்.

இலைக்கிள்ளி:
அப்படி ஒற்றைச் செடி எடுத்து முடிவு சொல்வது மோசமான வேலை, மார்க்கரின் குற்றம் இல்லை. ஊருக்கு இருபது, முப்பது செடியாவது தனித்தனியாக எடுக்க வேண்டும். எடுத்தால் உங்கள் கட்சிக்கே சாட்சி கிடைக்கும். ஒரே பெயரில் உலவும் வெவ்வேறு நெல்லும் பிரிந்துவிடும்.

விதைக்கூடை:
சாட்சி கிடைத்த பிறகு? மாலி நாட்டுக் காட்டு நெல்லில் இருந்த எக்ஸ்.ஏ. 21, பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்கும் மரபணு. அதைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பிரித்து 1995-இல் வெளியிட்டு, காப்புரிமைக்கும் விண்ணப்பித்தார்கள். மாலிக்கு என்ன செய்வது என்ற யோசனை அதற்குப் பின்னால்தான் வந்தது. என் மடுமுழுங்கி இலையை நான் ஏன் உங்களிடம் நீட்ட வேண்டும்?

இலைக்கிள்ளி:
முதலில் நீட்டாதீர்கள். 2001-ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தில் உழவர் ரகமாகப் பதிவு செய்யுங்கள். அதன் பிறகு, எதற்காகச் சோதிக்கிறோம், முடிவு யாருக்குச் சொந்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு கொடுங்கள்.

விதைக்கூடை:
எழுதிக் கொடுத்தால் இலை தருகிறேன். விதை தரமாட்டேன்.

வெண்ணாற்றங்கரை:
அண்ணே, நான் கேட்டதற்கு வருவோம். எங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஆறேழு நாளில் வடிந்துவிடும். அப்படியென்றால் சப்-1 போடலாம்தானே?

கடைமடை:
மேட்டுப்பக்க வயலில் போடுங்கள். வடிகால் ஓரத்துப் பள்ளத்தில் வேண்டாம், அங்கே எப்படியும் தேங்கும்.