புதுப்பிப்பு: நாளுக்கொரு எண் காட்டிய பெப்டைடு

போன வாரம் கேட்டிருந்தேன்: தரமணி லேபில் ஒரே சீரம் (ரத்தத்தின் தெளிந்த திரவப் பகுதி) மாதிரியை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (மூலக்கூறுகளை நிறையை வைத்து இனங்காணும் கருவி) ஓட்டினாலும் புரத அளவு ஏன் தினமும் மாறுகிறது என்று. காரணம் கிடைத்துவிட்டது. புரதத்தை அளக்க நான் எடுத்த பெப்டைடில் (புரதத்தின் சிறு துண்டு) மெத்தியோனைன் என்ற அமினோ அமிலம் ஒன்று இருந்தது. அது ஆக்சிஜனேற்றம் அடைந்தால் நிறை 16 டால்டன் (அணு நிறை அலகு) கூடும். கருவியோ பழைய நிறையையே தேடும். ஐசோடோப்பு ஸ்டாண்டர்டை (ஒப்பிடுவதற்காகச் சேர்க்கும், கனமான அணுக்கள் கொண்ட அதே பெப்டைடு) நான் டிரிப்சின் செரிமானம் (லைசின், ஆர்ஜினின் வரும் இடங்களில் புரதத்தை நொதியால் வெட்டுவது) முடிந்த பிறகே சேர்த்ததால், அதற்கு முன் நடந்த இழப்பை அது ஈடுகட்டவில்லை. ஆக்சிஜனேற்ற வடிவத்தைத் தேடிப் பார்க்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி!

சரி, இப்போது 11 அமினோ அமிலம் கொண்ட வேறொரு பெப்டைடுக்கு மாறிவிட்டேன். எளிதில் மாற்றமடையும் மெத்தியோனைன், சிஸ்டைன் இதில் இல்லை. வெட்டுமிடத்தில் லைசினும் ஆர்ஜினினும் அடுத்தடுத்து வரவில்லை; வந்தால் வெட்டு அரைகுறையாகலாம். வேறு மனிதப் புரதத்தில் இல்லை என்றும் சரிபார்த்தேன். அப்படிச் சரிபார்க்கும்போது லியூசினையும் ஐசோலியூசினையும் ஒன்றாகவே கருதுங்கள், இரண்டுக்கும் நிறை ஒன்றுதான். மூன்று நாளாக எண் அசையவில்லை.