பி.டி. என்றால் எந்த பி.டி.?

தட்டச்சு மேசை (பெரம்பலூர்)

வணக்கம். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு, விண்ணப்பம், பத்திர நகல் என்று காலையிலிருந்து ராத்திரி வரை தமிழில்தான் அடித்துக்கொண்டிருப்பேன். போன வாரம் பி.டி. என்ற இந்த இரண்டு எழுத்து என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை தினமும் போடுகிறார். கடைவாய்ப் பல் சொத்தையாகி எடுக்க வேண்டிய நிலை. பல் டாக்டர் போனில் "பி.டி. பார்த்துவிட்டு வாங்க" என்றார். நான் பழக்கத்தில் துண்டுச் சீட்டில் தமிழிலேயே 'பி.டி.' என்று எழுதி, தம்பியோடு அம்மாவை லேபுக்கு அனுப்பினேன். அங்கே காது மடலில் குத்தி, ஒற்றுத்தாளால் ஒற்றி ஒற்றி நேரம் பார்த்து, 2 நிமிடம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் அதைப் பார்த்ததும் "நான் கேட்டது இது இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வலியோடு அம்மா ரெண்டு தடவை பஸ் ஏறி இறங்கியதுதான் மிச்சம்.

அதே வாரம் ஒருவர் தெருவுக்கு பி.டி. ரோடு கேட்டு மனு அடிக்கச் சொன்னார், இன்னொருவர் பி.டி. ஆசிரியர் பணியிடம் காலி என்று அடிக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் நான் அடித்தது ஒரே பி.டி. தான். மொத்தம் எத்தனை பி.டி. இருக்கிறது? எழுத்தில் எப்படிப் பிரித்துக் காட்டுவது?

ரத்தக்குழாய்

அண்ணா, நான் லேப் டெக்னீஷியன். முதலில் அம்மா விஷயம். அந்த லேபில் பார்த்தது பிளீடிங் டைம் (ஆங்கிலத்தில் B.T.), அதாவது குத்திய இடத்தில் ரத்தம் நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. காது மடலில் குத்தி அரை நிமிடத்துக்கு ஒரு தடவை ஒற்றுவோம், ஒற்றுத்தாளில் பொட்டு சிறிதாகிக்கொண்டே வந்து கடைசியில் ஒட்டாது, அதுதான் கணக்கு. டாக்டர் கேட்டது புரோத்ராம்பின் டைம் (ஆங்கிலத்தில் P.T.). அதற்குக் கை ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்து, சோடியம் சிட்ரேட் போட்ட நீல மூடிக் குழாயில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற அளவு பிசகாமல் நிரப்பி, பிளாஸ்மாவைப் பிரித்து, அது உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். சாதாரணமாக 11 முதல் 13 விநாடி வரும், வார்ஃபரின் போடுகிறவர்களுக்குக் கூடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். பிளீடிங் டைம் காட்டுவது ரத்தத் தட்டணுக்களின் (பிளேட்லெட்) வேலையை. வார்ஃபரின் தட்டணுக்களைத் தொடாது, உறைய வைக்கும் புரதங்கள் கல்லீரலில் உருவாவதைத்தான் குறைக்கும். அதனால் அம்மாவுக்கு 2 நிமிடம் என்று வந்ததை 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு பல்லை எடுத்திருந்தால் ரத்தம் நிற்காமல் சிரமப்பட்டிருக்கலாம். உங்கள் டாக்டர் திருப்பி அனுப்பியது நல்லதுக்குத்தான்.

இனிமேல் சீட்டில் 'ஐ.என்.ஆர்.' என்று எழுதுங்கள். புரோத்ராம்பின் டைமிலிருந்து கணக்கிட்டு வரும் எண் அது, எந்த லேபில் பார்த்தாலும் ஒப்பிட முடிகிற மாதிரி அமைத்தது. வார்ஃபரின் போடுகிறவர்களுக்கு டாக்டர் பார்ப்பதே அந்த எண்ணைத்தான், வேறு எதனோடும் குழம்பாது.

ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பி, பள்ளிக்கூடத்தில் இந்தக் குழப்பம் ரொம்பப் பழசு. பி.டி. அசிஸ்டெண்ட் என்பவர் பட்டதாரி ஆசிரியர். பேச்சலர் ஆஃப் டீச்சிங் என்று முன்பு ஒரு பட்டம் இருந்தது, அதன் சுருக்கம்தான் அது. பட்டம் பி.எட். ஆகி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, பதவிப் பெயரில் மட்டும் பழைய பட்டம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. பி.டி. மாஸ்டர் என்றால் ஃபிசிக்கல் டிரெய்னிங், விசில் ஊதி மைதானத்தில் ஓட விடுகிறவர். வாயால் சொல்லும்போது குழப்பமே வராது, முதல் பி.டி.யின் முதல் எழுத்தைச் சொல்லும்போது தொண்டை அதிரும், இரண்டாவதுக்கு அதிராது. காகிதத்தில் இரண்டும் ஒன்று. நம் எழுத்தில் ப ஒன்றுதான், ட ஒன்றுதான், சொல்லுக்குள் எங்கே நிற்கிறது என்பதை வைத்து ஒலியைத் தெரிந்துகொள்கிறோம். அது தமிழ்ச் சொல்லுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆங்கில எழுத்தின் பெயரைத் தனியாக எடுத்து எழுதும்போது அந்தத் துணை கிடைப்பதில்லை. அதனால் நான் 'பட்டதாரி ஆசிரியர்', 'உடற்கல்வி ஆசிரியர்' என்று முழுசாகவே எழுதுவேன். அரசாணையிலும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்றும் எனக்கு நெடுநாள் வருத்தம். 1916-இல் நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், தி.நகருக்கே பெயர் தந்தவர், அவரைப் பலரும் பி.டி. தியாகராயர் என்று எழுதுகிறார்கள். அவர் பிட்டி தியாகராயர். பிட்டி என்பது குடும்பப் பெயர், இரண்டு எழுத்துச் சுருக்கம் கிடையாது. அதே கட்சியின் பி.டி. ராஜனுக்குப் புள்ளி சரி, பொன்னம்பலத் தியாகராஜன் என்பதன் சுருக்கம் அது. மாணவர்கள் கட்டுரையில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிக் கொண்டுவந்தால் நான் ஒவ்வொரு தடவையும் திருத்தியிருக்கிறேன்.

கரிசல் காடு

பெரம்பலூர்க்காரர் பருத்தியை விட்டுவிட்டாரே! நம்ம பக்கம் பி.டி. என்றால் முதலில் ஞாபகம் வருவது விதைப் பாக்கெட்தான். பயோடெக்னாலஜியின் சுருக்கம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது ஒரு பாக்டீரியாவின் பெயர், பாசில்லஸ் துரிஞ்சியன்சிஸ். 1901-இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் செத்துப்போவதற்கு இதுதான் காரணம் என்று கண்டார்கள். 1911-இல் ஜெர்மனியில் துரிங்கியா பகுதியில் மாவைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழுவில் கண்டு, அந்த ஊர்ப் பெயரையே வைத்தார்கள். அதன் நச்சுப் புரதத்துக்கான மரபணுவைப் பருத்திக்குள் வைத்ததுதான் பி.டி. பருத்தி, இந்தியாவில் 2002-இல் அனுமதித்தார்கள். காய்ப்புழு தின்றால் சாகும், மாவுப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் அது ஒன்றும் செய்யாது.

450 கிராம் விதைப் பாக்கெட்டோடு 120 கிராமில் இன்னொரு சின்னப் பாக்கெட் வந்தது ஞாபகம் இருக்கிறதா? அது பி.டி. இல்லாத விதை, வயல் ஓரத்தில் விதைக்கத் தந்தது. அந்தச் செடியில் வளரும் புழுவுக்கு நஞ்சைத் தாங்கும் எதிர்ப்புச் சக்தி இருக்காது, அது வளர்ந்து மற்றதோடு இணை சேர்ந்தால் எதிர்ப்பு பரவுவது தாமதமாகும். எங்கள் ஊரில் அதைப் பிரிக்காமலே தூக்கிப் போட்டோம். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. இப்போது இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சைத் தாங்கிக்கொண்டு காய்க்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

ஜல்லியும் தாரும்

ரோடு விஷயம் மட்டும் சொல்கிறேன். பி.டி. ரோடு என்றால் தார் ரோடு, பிட்டுமன் போட்டது. சி.சி. ரோடு என்றால் சிமெண்ட் காங்கிரீட். எஸ்டிமேட்டில் சுருக்கமாகத்தான் இருக்கும், மனுவில் 'தார்ச் சாலை' என்று போடுங்கள், படிக்கிற எல்லோருக்கும் புரியும். அப்புறம் சம்பளச் சீட்டில் பி.டி. என்று பிடித்தம் இருந்தால் அது தொழில் வரி.

சுவடி வாசகன்

பழைய சுலோகப் புத்தகங்களில் ப-வுக்கு மேல் சின்னதாக 3 போட்டிருப்பார்கள், அதிரும் ஒலி என்பதற்கு அடையாளம். பி³.டி. என்று அடித்துப் பார்க்கலாமே?

தட்டச்சு மேசை (பெரம்பலூர்)

எல்லோருக்கும் மனசார நன்றி. சுவடி ஐயா, எனக்கு அந்த 3 பிடித்திருக்கிறது, ஆனால் லேபில் யாராவது அதை மூன்றாவது டெஸ்ட் என்று எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? வாத்தியார் ஐயா சொன்னபடி முழுசாக எழுதுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தெரு மனுவைத் தார்ச் சாலை என்று மாற்றி அடித்துக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு நேற்று ஐ.என்.ஆர். எடுத்தோம், 2.6 வந்திருக்கிறது. இதய டாக்டரிடமும் காட்டிவிட்டோம். வர்ற செவ்வாய்க்கிழமை பல் எடுக்கிறார்கள்.