அக்னாலட்ஜ்: ஒப்புக்கொள்வதா, கிடைத்ததென்று தெரிவிப்பதா?

கேள்வி:
என் பணியில் நேர்ந்த தாமதத்தைச் சுட்டிக்காட்டி மேலதிகாரியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்துள்ளது. அதன் இறுதியில் 'ப்ளீஸ் அக்னாலட்ஜ்' என்று எழுதியிருக்கிறார்கள். அகராதியில் இச்சொல்லுக்கு 'ஒப்புக்கொள்' என்ற பொருளே முதலில் இருக்கிறது. அந்தத் தாமதத்துக்கு நான் பொறுப்பல்ல என்று கருதுகிறேன். 'அக்னாலட்ஜ்ட்' என்று பதில் எழுதினால், அதில் கூறப்பட்டுள்ள குறைகளை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடுமா?

மறுமொழி 1:
ஆகாது, ஆனால் அந்த ஒற்றைச் சொல்லோடு பதிலை முடிக்காதீர்கள். இந்த வினைச்சொல்லின் பொருள், அது எதைச் செயப்படுபொருளாகக் கொள்கிறது என்பதைப் பொறுத்தது. கடிதம், மின்னஞ்சல், விண்ணப்பம் போன்றவற்றை அக்னாலட்ஜ் செய்வது, அவை கைக்கு வந்து சேர்ந்தன என்று தெரிவிப்பது மட்டுமே. தவறையோ தோல்வியையோ கடனையோ அக்னாலட்ஜ் செய்தால்தான் அது உண்மையென ஒப்புக்கொண்டதாகும். உங்களுக்கு வந்த வாக்கியத்தில் செயப்படுபொருளே இல்லாததால்தான் ஐயம் எழுகிறது. ஆகவே அதை நீங்களே நிரப்பி, 'ஐ அக்னாலட்ஜ் ரிசீட் ஆஃப் யுவர் ஈமெயில்' என்று எழுதுங்கள். அடுத்த வரியில், அதிலுள்ள கருத்துகளுக்கு உங்கள் விளக்கத்தைத் தனியே அனுப்புவதாகக் குறிப்பிடுங்கள். கையொப்பமிடச் சொல்லி ஏதேனும் படிவம் தந்தால், 'ஐ அக்னாலட்ஜ் தட்' என்பதற்குப் பின்னால் வருவதை ஒரு சொல் விடாமல் படித்துவிடுங்கள்; அங்கே 'தட்' வந்துவிட்டால் அதைத் தொடரும் கூற்று முழுவதையும் நீங்கள் மெய்யென்று ஏற்றதாகவே கொள்ளப்படும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதற்கு வான்போக்குவரத்து வானொலி உரையாடல் நல்ல சான்று. அங்கே 'அக்னாலட்ஜ்' என்று கட்டுப்பாட்டாளர் சொன்னால், 'இந்தச் செய்தி உங்களுக்குக் கிடைத்து விளங்கியதா என்று தெரிவியுங்கள்' என்பதே வரையறுக்கப்பட்ட பொருள். 'ராஜர்' என்ற விடை, கடைசியாகச் சொன்னது முழுவதும் கிடைத்தது என்பதோடு நின்றுவிடுகிறது. ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டிய கேள்விக்கு அதை விடையாகச் சொல்லக்கூடாது. 'அவ்வாறே செய்கிறேன்' என்று உறுதியளிக்க 'வில்கோ' என்று வேறொரு சொல் உண்டு. கேட்டதற்கும் இணங்கியதற்கும் இடையிலுள்ள வேறுபாடு உயிரோடு தொடர்புடையது என்பதால்தான் இத்தனை கவனமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

மறுமொழி 3:
இலக்கணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஒப்புக்கொள்' என்ற பொருளில் வரும் 'அட்மிட்' என்ற வினைக்குப் பின் 'டு' வரலாம்; அக்னாலட்ஜுக்குப் பின் பெயர்ச்சொல்லோ, 'தட்' வாக்கியமோ, 'ஹேவிங் மேட்' போன்ற இங் வடிவமோ நேரடியாக வர வேண்டும். பொருளிலும் இவ்விரண்டும் ஒன்றல்ல. அட்மிட் என்பதில் குற்றத்தின் சாயலும், மறைக்க விரும்பியதைச் சொல்ல நேர்ந்த தயக்கமும் தெரியும். அக்னாலட்ஜ் அவ்வளவு கடுமையானதன்று. பிறர் செய்த உதவிக்கு நன்றி கூறவும் அது பயன்படுவதால்தான் நூல்களின் நன்றியுரைப் பகுதிக்கு அதன் பெயர்ச்சொல் வடிவமே தலைப்பாக அமைகிறது. 'அறி' என்று பொருள்படும் 'நோ' என்ற சொல்லில் கே எழுத்து ஒலிப்பதில்லை, அக்னாலட்ஜில் ஒலிக்கும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. முதல் மறுமொழியில் கூறியவாறே பதில் அனுப்பிவிட்டேன். இன்னும் ஓர் ஐயம்: ஒருவரை 'ரெகக்னைஸ்' செய்வதும் 'அக்னாலட்ஜ்' செய்வதும் ஒன்றுதானா?

மறுமொழி 1:
சில இடங்களில் ஒன்றாக வரும். ஒருவரைத் தலைவராக ஏற்பதற்கு இரண்டையுமே சொல்லலாம். ஆளை எதிரில் காணும்போது மட்டும் வேறுபாடு தெளிவாகத் தெரியும். அடையாளம் கண்டுகொள்வது ரெகக்னைஸ்; கண்டுகொண்டதைத் தலையசைத்தோ புன்னகைத்தோ அவருக்குத் தெரியும்படி காட்டுவது அக்னாலட்ஜ். பார்த்தும் பாராததுபோல் ஒருவர் கடந்து போனால், அவர் நம்மை ரெகக்னைஸ் செய்தார், அக்னாலட்ஜ் செய்யவில்லை.