வெல்லம் போடாமல் மாங்காய்ப் பச்சடி: புளிப்பை எப்படி அடக்குவது?

குற்றாலச்சாரல் (கேள்வி):

அப்பாவுக்கு வயது 83. சர்க்கரை நோய் வந்து 20 ஆண்டுகள் ஆகிவிட்டன. இட்லியை மூன்றோடு நிறுத்திக்கொண்டார், காப்பியில் சர்க்கரையை விட்டார், மாம்பழத்தைக்கூட ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு தட்டைத் தள்ளிவிடுகிறார். ஒன்றே ஒன்றை மட்டும் விட மறுக்கிறார்: மாங்காய்ப் பச்சடி. சித்திரை முதல் நாள் தொடங்கி ஆனி முடியும்வரை வாரத்துக்கு இரண்டு நாளாவது அது இலையில் விழ வேண்டும்.

அம்மா இருந்தவரை எங்கள் வீட்டுக் கணக்கு எளிது. மாங்காய் எவ்வளவோ வெல்லமும் அவ்வளவு. அம்மா போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கரண்டி இப்போது என் கையில். வங்கியில் 34 ஆண்டுகள் கணக்குப் பார்த்தவன் நான். இந்த ஒரு கணக்கு மட்டும் நேராக மாட்டேன் என்கிறது.

இந்த சித்திரையில் மூன்று முறை முயன்றேன். முதல் முறை வெல்லத்தைப் பாதியாகக் குறைத்தேன். இருவருக்கும் பல் கூசியதுதான் மிச்சம். அடுத்த முறை கடையில் விற்கும் செயற்கை இனிப்பு மாத்திரையை நான்கு போட்டேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "மருந்துக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது" என்றார் அப்பா. மூன்றாவது முறை இனிப்பே வேண்டாம் என்று முடிவு செய்து, உப்பும் மிளகாயும் மட்டும் சேர்த்தேன். இரும்புச் சத்துக்கு நல்லது என்று தங்கை வாங்கிக்கொடுத்த இருப்புச்சட்டியில் அரை மணி நேரம் வேகவிட்டேன். கறுத்துப் போய், சாவியை நக்கியது போல ஒரு சுவையுடன் வந்தது. நானே கொட்டிவிட்டேன்.

வெல்லம் கூடாது, மாங்காயை அளவாகச் சாப்பிடலாம் என்று அப்பாவைப் பார்க்கும் மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே மருத்துவ ஆலோசனை கேட்கவில்லை, சமையல்தான் கேட்கிறேன். இனிப்பு சேர்க்காமல் புளிப்பைக் குறைக்க வழி உண்டா? கருப்பட்டி போட்டால் பரவாயில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். அது சரியா?

மண்டிச்சட்டி (காரைக்குடி):

தம்பி, முதலில் அந்த இருப்புச்சட்டியைக் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவித் தோசைக்கும் வதக்கலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மூன்றாவது பச்சடியைக் கெடுத்தது புளிப்பு இல்லை, சட்டி. புளிப்பான எதையும் இரும்பில் அரை மணி நேரம் வைத்தால் இரும்பு கரைந்து இறங்கும். நிறமும் கறுக்கும், நாக்கிலும் உலோகம் ஏறும். அலுமினியத்துக்கும், ஈயம் பூசாத பித்தளைக்கும் இதே பேச்சுதான். மண்சட்டி, கல்சட்டி, அதுவும் இல்லாவிட்டால் எவர்சில்வர். தங்கையிடம் சட்டி நன்றாக இருக்கிறது என்றே சொல்லுங்கள்.

அடுத்தது, அதைப் பச்சடி என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். பச்சடி என்றதும் அப்பாவின் நாக்கு வெல்லத்துக்காகக் காத்திருக்கும். எங்கள் பக்கத்து மண்டியாக, அதாவது அரிசி களைந்த கழுநீரில் வைக்கும் குழம்பாகச் செய்து போடுங்கள். மறைக்காமல் சொல்கிறேன், எங்கள் மாங்காய் மண்டியிலும் ஒரு துண்டு வெல்லம் விழுவது வழக்கம். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து, ஒன்பது வருடமாக, அந்தத் துண்டு இல்லாமல்தான் வைக்கிறேன். யாரும் கேட்கவில்லை.

அரிசி களைந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது தண்ணீர் இரண்டு டம்ளர் வேண்டும். கிளிமூக்கு மாங்காய் ஒன்று, தோல் சீவி, கொட்டையோடு துண்டாக நறுக்கியது. நாட்டு மாங்காய் வாங்காதீர்கள், உங்கள் நிலைமைக்கு அது ஆகாது. நல்லெண்ணெய் மூன்று கரண்டி ஊற்றி, கடுகு, அரைக் கரண்டி வெந்தயம், பெருங்காயம் தாளித்து, சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு பத்துப் பல், கீறிய பச்சை மிளகாய் நான்கு போட்டு வதக்குங்கள். இங்கே அவசரப்படக் கூடாது. வெங்காயம் ஓரம் சிவந்து வாசம் மாற வேண்டும். இந்தக் குழம்புக்கு உள்ள இனிப்பெல்லாம் அதிலிருந்துதான் வரப்போகிறது. பிறகு கழுநீரை ஊற்றி, வேகவைத்த மொச்சை ஒரு கைப்பிடி சேர்த்து, மாங்காயைப் போட்டு, மெல்லிய தீயில் வையுங்கள். மொச்சையைத் தனியாக முழுக்க வேகவைத்துக்கொண்டுதான் சேர்க்க வேண்டும். புளிப்புத் தண்ணீரில் பயறு எதுவும் இளகாது. இரவு வரை கொதித்தாலும் கல்லாகவே கிடக்கும்.

குற்றாலச்சாரல்:

நன்றி ஆச்சி. எங்கள் வீட்டில் கழுநீர் என்றால் அது பசுவுக்கு. பசுவை விற்று 15 வருடம் ஆகியும் தனியாகப் பிடித்து வைத்துச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறேன். குழம்புக்கு ஊற்றலாம் என்று இன்றுதான் தெரியும்.

சோதனைக்குழாய்:

கருப்பட்டி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். நிறமும் மணமும் சிறிது தாது உப்புகளும் கூடுதல். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதராக இருக்கலாம். வேதியியல் அவர் பேச்சைக் கேட்காது.

இன்னொரு விஷயமும் உண்டு. வெல்லம் புளிப்பைக் குறைப்பதே இல்லை. ஒரு கிலோ வெல்லம் போட்டாலும் மாங்காயில் இருந்த அமிலம் அப்படியே இருக்கும். நாக்குக்கு அது தெரியாதபடி மூடுகிறது, அவ்வளவே. ஆகவே உங்களுக்கு இரண்டு வழிகள். அமிலத்தை உண்மையிலேயே வெளியேற்றலாம். அல்லது வெல்லத்துக்குப் பதிலாக வேறு எதையாவது போட்டு மூடலாம். ஆச்சி சொன்ன கழுநீரின் மாவுச்சத்தும் நல்லெண்ணெயும் இரண்டாவது வகை.

யாராவது வந்து சமையல் சோடா போடச் சொல்வார்கள், அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 1 கிராம் சோடா ஏறத்தாழ முக்கால் கிராம் சிட்ரிக் அமிலத்தை முறிக்கும். நுரைத்துப் பொங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் கொஞ்சம் கூடினாலும் மாங்காய் கூழாகிவிடும், சோப்புச் சுவை வரும், வைட்டமின் சி அழியும். சோடாவில் சோடியமும் இருக்கிறது. அப்பாவுக்கு இரத்த அழுத்தமும் இருந்தால் அதுவும் கணக்கில் வரும். பள்ளி ஆய்வகத்தில் 30 ஆண்டுகள் கழித்தவன் சொல்கிறேன், சோடாவை ஆய்வகத்திலேயே விட்டுவிடுங்கள்.

பழுக்கத் தொடங்கிய செங்காய் வாங்கினால் புளிப்பு தானாகவே குறைந்திருக்கும். ஆனால் அந்த அளவுக்குச் சர்க்கரையும் ஊறத் தொடங்கியிருக்கும். காயாகவே வாங்கி வேலையைக் கூட்டிக்கொள்வது உங்களுக்கு நல்லது.

வேம்பனூர்க்குளம்:

அமிலத்தை வெளியேற்றும் வழியை நான் சொல்கிறேன். நாகர்கோவில் பக்கம் எங்கள் வீட்டு முற்றத்தில் புளிச்சிக்காய் (பிலிம்பி) மரம் நிற்கிறது. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். அதன் புளிப்போடு பார்த்தால் உங்கள் மாங்காய் எல்லாம் பால்பாயசம். அதையே நாங்கள் வழிக்குக் கொண்டுவருகிறோம் என்றால் பாருங்கள்.

காயை மெல்லிசாக நறுக்கி, உப்புப் போட்டுப் பிசிறி 20 நிமிடம் வையுங்கள். தண்ணீர் விட்டு நிற்கும். இரண்டு கையாலும் இறுக்கிப் பிழியுங்கள். பிறகு ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி மறுபடியும் பிழியுங்கள். புளிப்பில் ஒரு பெரும்பங்கு அந்தச் சாற்றோடு போய்விடும். உப்பும் அலசலில் குறையும். ஆனாலும் குழம்பில் உப்புப் போடும் முன் ருசி பார்க்க வேண்டும். மாங்காய்க்கும் இதுவே. மாங்காய்ச் சாற்றைக் கொட்ட வேண்டாம், புளிக்குப் பதிலாக ரசத்தில் ஊற்றலாம்.

ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் புளிச்சிக்காய்ச் சாற்றைக் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். கொழுப்பைக் கரைக்கும், சர்க்கரையைக் குறைக்கும் என்று சிலர் டம்ளர் டம்ளராகக் குடிக்கிறார்கள். அதில் ஆக்ஸாலிக் அமிலம் மிக அதிகம். கேரளத்தில் இப்படிக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே கவலையான இடம். மீன்குழம்பில் நான்கு காய் போடுவது வேறு, சாறாகக் குடிப்பது வேறு.

பிழிந்த மாங்காயைத் தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்த விழுதில் வேகவைத்து, இறக்கும்போது கட்டித் தேங்காய்ப்பால் ஊற்றினால் எங்கள் ஊர் முறை. தேங்காய்ப்பால் ஊற்றிய பிறகு கொதிக்க விடக் கூடாது, திரிந்துவிடும்.

எடிசன்வாசி:

அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் எடிசன் ஊரிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இங்கே நல்ல மாங்காய் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதற்குப் பதிலாக இலையுதிர் காலத்தில் கிரான்பெர்ரி குவியும். நவம்பர் நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு இந்த ஊர்க்காரர்கள் அதில் சர்க்கரையைக் கொட்டிச் சாஸ் காய்ச்சுவார்கள். முதல் வருடம் ஒரு பழத்தைப் பச்சையாகக் கடித்துவிட்டு, இதை யார் கண்டுபிடித்தார்கள் என்று யோசித்தேன். புளிப்போடு துவர்ப்பும் சேர்ந்து முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மறுநாளே என் மாமியார் தொலைபேசியில், "புளிப்பென்றால் தொக்குப் போடு" என்றார். இப்போது இங்குள்ள தமிழ் வீடுகள் பலவற்றில் கிரான்பெர்ரித் தொக்கு ஆண்டுக்கொரு முறை நடக்கும் சடங்கு.

340 கிராம் பொட்டலம் ஒன்று. நல்லெண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, கடுகு, பெருங்காயம், மஞ்சள். பழத்தைப் போட்டதும் பட்பட்டென்று வெடிக்கும். மூடி போட்டுக்கொள்ளுங்கள், என் சேலையில் இன்னும் கறை இருக்கிறது. வெடித்து முடிந்ததும் மசித்து, மிளகாய்த்தூள், உப்பு, வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு கரண்டி. எண்ணெய் பிரியும்வரை கிளறினால் முடிந்தது. சர்க்கரை ஒரு சிட்டிகைகூட இல்லை. குளிர்பதனப் பெட்டியில் இரண்டு வாரம் வைத்துச் சாப்பிடுகிறோம். உலர்ந்த கிரான்பெர்ரி வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். அதைச் சர்க்கரையில் ஊறவைத்தே பெரும்பாலும் விற்கிறார்கள்.

வெந்தயம் பற்றி ஒரு வேடிக்கை. இங்கே அப்பத்தின் மேல் ஊற்றும் மேப்பிள் பாகின் போலிக்கு வாசனை கொடுக்க வெந்தயச் சாரத்தைச் சேர்ப்பதுண்டு. பக்குவமாக வறுத்த வெந்தயத்தை முகர்ந்து பாருங்கள், பாகு காய்ச்சிய வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். அப்பாவின் மூக்கைக் கொஞ்சம் ஏமாற்றலாம். கருகவிட்டால் கசப்பு மட்டுமே மிஞ்சும்.

மண்டிச்சட்டி (காரைக்குடி):

அம்மா எடிசன், உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

குற்றாலச்சாரல்:

செய்துவிட்டேன். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யார் சொன்னதையும் நான் முழுசாகக் கேட்கவில்லை.

பாவூர்சத்திரம் சந்தையில் கிளிமூக்கு இரண்டு வாங்கினேன், 520 கிராம். அங்கேயே ஒரு மண்சட்டியும் வாங்கி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி காய்ச்சிக் கொட்டிப் பழக்கினேன். மாங்காயைத் தோல் சீவி, நறுக்கி, உப்பிட்டு, 20 நிமிடம் கழித்துப் பிழிந்ததில் அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாகச் சாறு வந்தது. அதை எடுத்து வைத்தேன். அலசிய துண்டு ஒன்றை வாயில் போட்டேன், பல் கூசவில்லை. மூன்று முயற்சிகளில் இல்லாத நல்ல சகுனம்.

வெங்காயம் வதக்கும்போது அவசரப்படக் கூடாது என்ற வார்த்தையை நம்பி 18 நிமிடம் நின்றேன். கழுநீர் ஊற்றினேன். மொச்சை போடவில்லை, அப்பாவுக்கு வாயு. கடைசியில் ஆச்சி மன்னிக்க வேண்டும், இரண்டு கரண்டி கட்டித் தேங்காய்ப்பாலும் ஊற்றி, வறுத்த வெந்தயப் பொடியும் தூவினேன். காரைக்குடியும் நாகர்கோவிலும் எடிசனும் ஒரே சட்டியில். பெயர் என்ன என்று தெரியாததால் "மாங்காய்" என்று மட்டும் சொல்லிப் பரிமாறினேன்.

அப்பா முதல் வாய்க்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாய்க்கு, "உன் அம்மா செய்வது இது இல்லை" என்றார். இல்லை என்றேன். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. பிறகு ரசத்துக்குச் சாதம் போட்டேன். எடுத்து வைத்த சாற்றில் வைத்த ரசம் அது; பருப்புத் தண்ணீர், மிளகு, சீரகம், வேறொன்றும் புதிதில்லை. இரண்டு முறை கையில் வாங்கிக் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதில் என்ன புளி போட்டாய்? நாளைக்கும் இதையே வை."